அமெரிக்கா 1917 வரை ஒதுங்கியா இருந்தது? (1898 முதல் முதல் உலகப்போர் வரை)

வரைபடப்பித்தன்:

பள்ளிப் பாடத்தில் இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். அமெரிக்கா தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தது. ஜெர்மானியர்கள் லூசிடானியா கப்பலை மூழ்கடித்தார்கள், உடனே அமெரிக்கா போரில் இறங்கியது. தேதிகளைப் பார்த்தாலே இது நிற்காது. கப்பல் மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. இடையில் இருபத்து மூன்று மாதங்கள்.

ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது அந்த "தானுண்டு தன் வேலையுண்டு" பகுதிதான். 1917 ஏப்ரலில் உலகப்படத்தை விரித்து, அமெரிக்கப் படை எங்கெல்லாம் நின்றது என்று பாருங்கள். பிலிப்பைன்ஸ், குவாம், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, பனாமா கால்வாய்ப் பகுதி, கியூபாவின் குவாண்டனாமோ. ஹைத்தியில் 1915 முதல், டொமினிக்கன் குடியரசில் 1916 முதல் கடற்படை வீரர்கள் ஆட்சியையே நடத்திக்கொண்டிருந்தார்கள். நிகராகுவாவில் 1912 முதல் ஒரு காவல் படை. இதற்குப் பெயர் ஒதுங்கியிருப்பதா?

என் கட்சி இதுதான்: 1917 ஒரு திருப்பம் அல்ல. 1898-ல் ஸ்பெயினோடு போட்ட போரில் தொடங்கிய பாதையின் அடுத்த கட்டம். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

நீலகண்டம்:

மறுக்கிறேன். படம் அழகாக இருக்கிறது, காரணம்தான் அதில் இல்லை. ஒரு நாடு பத்து இடத்தில் படை வைத்திருந்தது என்பதால் பதினோராவது இடத்துக்கு ஏன் போனது என்று விளங்கிவிடாது.

1917-ல் நடந்தது இது. ஜனவரி 9, பிளெஸ் அரண்மனை. ஜெர்மன் பேரரசர் கைசர் முன்னிலையில் அவருடைய தளபதிகள் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை, அதாவது எச்சரிக்கையில்லாமல் எந்த நாட்டுக் கப்பலையும் மூழ்கடிப்பதை, மறுபடி தொடங்க முடிவெடுக்கிறார்கள். அமெரிக்கா போருக்கு வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. அமெரிக்கப் படை ஐரோப்பாவில் கால் வைப்பதற்குள் பிரிட்டனைப் பட்டினி போட்டுப் பணிய வைத்துவிடலாம் என்று கடற்படை கணக்குக் காட்டியது. ஜனவரி 31-ல் அமெரிக்காவிடம் சொல்கிறார்கள், மறுநாளே அமல். பிப்ரவரி 3-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் தூதரக உறவை முறிக்கிறார். அப்போதும் போர் அறிவிக்கவில்லை. மார்ச் நடுவில் விஜிலன்சியா, சிட்டி ஆஃப் மெம்ஃபிஸ், இல்லினாய் என்று அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. மார்ச் 20-ல் அமைச்சரவை முழுவதும் போர் என்கிறது. ஏப்ரல் 2-ல் வில்சன் காங்கிரஸ் முன் நிற்கிறார்.

நீங்கள் சொல்லும் 1898 பாதை உண்மையென்றால் 1914 ஆகஸ்டிலேயே இறங்கியிருக்க வேண்டுமே? ஏன் இழுத்தடித்தார்? 1916 தேர்தலில் "நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர்" என்று சொல்லித்தானே அவர் கட்சி ஓட்டுக் கேட்டது? அதுவும் கலிஃபோர்னியாவில் நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தப்பிப் பிழைத்த வெற்றி.

அரிசிமண்டி:

இரண்டு பேரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் வியாபாரி, கணக்கைப் பார்க்கிறேன். 1917 ஏப்ரல் வரை அமெரிக்காவில் நேச நாடுகள் வாங்கியிருந்த கடன் ஏறக்குறைய 230 கோடி டாலர். ஜெர்மனி வாங்கியது சுமார் 2.7 கோடி. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அமெரிக்காவில் கொள்முதல் முகவர் ஜே.பி. மார்கன் வங்கி. 1915 அக்டோபரில் மட்டும் 50 கோடி டாலர் கடன் பத்திரம். வாங்கியவன் தோற்றால் கொடுத்தவன் கதி என்ன? பாதி ஊருக்குத் தவணையில் மூட்டை இறக்கிய கடைக்காரனிடம் நடுநிலை எதிர்பார்க்க முடியுமா?

அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் சபையிலேயே சொன்னார், அமெரிக்கக் கொடியின் மேல் டாலர் குறியைப் பதிக்கப் போகிறோம் என்று.

நீலகண்டம்:

அரிசிமண்டி அண்ணாச்சி, அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். 1916 நவம்பர் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி வாரியம் வெளிப்படையாக எச்சரித்தது: நேச நாடுகளின் ஈடில்லாத குறுகிய காலப் பத்திரங்களை வாங்கிக் குவிக்காதீர்கள் என்று. வில்சன் அதைத் தடுக்கவில்லை, இன்னும் கடுமையாக்கச் சொன்னார். காரணம், பிரிட்டனைப் பேச்சுவார்த்தைக்கு இழுக்க அவருக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. லண்டன் கஜானா அப்போது திண்டாடியது. மார்கனுக்காகப் போருக்குப் போகிற ஆள் மார்கனின் வியாபாரத்தை இப்படி நெரிப்பாரா?

அதே மனிதர்தான் 1917 ஜனவரி 22-ல் "வெற்றியில்லாத சமாதானம்" வேண்டும் என்று செனட்டில் பேசினார். சேர ஆசைப்பட்டவர் பேச்சாக அது எனக்குத் தெரியவில்லை.

அரிசிமண்டி:

நெரித்தார், சரி. ஏப்ரலுக்கு அப்புறம் என்ன ஆனது? அரசாங்கமே நேரடியாகக் கடன் கொடுக்க ஆரம்பித்தது. மக்களிடம் லிபர்ட்டி பத்திரம் விற்று நேச நாடுகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். மார்கன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் சதி என்று சொல்லவில்லை அண்ணாச்சி. கடன் ஏறிய பிறகு மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்கிறேன்.

மணிலாக்கொட்டை:

நீர்மூழ்கியும் கடனும் பேசுகிற எல்லா இழையிலும் பிலிப்பைன்ஸ் ஒரு அடிக்குறிப்பாகப் போய்விடுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1898 பிப்ரவரி 15, ஸ்பெயின் ஆண்டுகொண்டிருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் மேயின் போர்க்கப்பல் வெடித்தது. சுமார் 260 பேர் பலி. யார் வெடிக்கவைத்தது என்று எதுவும் நிரூபணம் ஆகவில்லை. பிற்கால ஆய்வுகளில் கப்பலுக்குள்ளேயே நிலக்கரி தீப்பிடித்திருக்கலாம் என்ற கருத்து வலுத்தது. ஹெர்ஸ்ட், புலிட்சர் பத்திரிகைகளுக்கு அந்தப் பொறுமையெல்லாம் இல்லை. ஏப்ரலில் போர். கியூபாவை விடுவிக்கத்தான் போகிறோம், அதை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று காங்கிரஸ் தீர்மானமே போட்டது. ஆனால் முதல் பெரிய சண்டை நடந்த இடம் கியூபா அல்ல, மணிலா விரிகுடா. மே 1 காலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டியூவியின் கப்பல்கள் ஸ்பானியக் கப்பல் படையைச் சில மணி நேரத்தில் அழித்தன.

பிலிப்பைன்ஸில் ஸ்பெயினுக்கு எதிராக ஏற்கெனவே ஒரு புரட்சி நடந்திருந்தது. அதன் தலைவர் எமிலியோ அகினால்டோ ஹாங்காங்கில் நாடு கடந்து இருந்தார். அவரை அமெரிக்கக் கப்பலிலேயே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் ஜூன் 12-ல் சுதந்திரம் அறிவித்தார், அவருடைய ஆட்கள் மணிலாவை நிலத்திலிருந்து சுற்றி வளைத்தார்கள். ஆகஸ்ட் 13-ல் என்ன நடந்தது தெரியுமா? ஸ்பானியத் தளபதிகளும் அமெரிக்கத் தளபதிகளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரு பொய்ச் சண்டை போட்டார்கள். ஸ்பானியர்களுக்கு மானம் காக்கச் சில குண்டுகள், பிறகு சரண். பிலிப்பினோக்கள் நகருக்குள் வரக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் சாரம். அதற்கு முந்தைய நாளே வாஷிங்டனில் சண்டை நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது; கடலடித் தந்திக் கம்பியை டியூவி வெட்டிவிட்டிருந்ததால் செய்தி வரவில்லை.

டிசம்பர் 10, பாரிஸ் ஒப்பந்தம். 2 கோடி டாலருக்கு ஸ்பெயின் பிலிப்பைன்ஸை விட்டுக்கொடுத்தது. பேச்சில் பிலிப்பினோ ஒருவருக்கும் இடமில்லை. செனட்டில் 57-க்கு 27. மூன்றில் இரண்டுக்கு ஒரே ஒரு ஓட்டுதான் கூடுதல். அந்த ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, 1899 பிப்ரவரி 4 இரவு, மணிலா ஓரத்தில் துப்பாக்கி வெடித்துப் போரும் தொடங்கிவிட்டது.

அந்தப் போரில் அமெரிக்கர்கள் நாலாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். பிலிப்பினோப் போராளிகள் சுமார் 20,000. பொதுமக்கள் பஞ்சத்திலும் காலராவிலும் செத்ததைச் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்பார்கள். கைதியைப் படுக்கவைத்து வயிறு வீங்கும்வரை தண்ணீர் ஊற்றும் சித்திரவதை பற்றி அமெரிக்க செனட் குழுவே 1902-ல் சாட்சியம் கேட்டது. பலங்கிகா ஊரில் 48 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கொல்லுங்கள் என்று சமார் தீவில் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் உத்தரவிட்டார். ராணுவ விசாரணை நடந்தது. தண்டனை, கண்டிப்பும் கட்டாய ஓய்வும். அந்த ஊர் தேவாலயத்திலிருந்து கொண்டுபோன மணிகளை 2018 டிசம்பரில்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு எப்போதும் தொண்டையில் நிற்பது பிலிப்பைன்ஸின் படாங்காஸ் மாகாணம். மக்களைக் கிராமத்திலிருந்து பிடுங்கி வேலிக்குள் அடைத்தார்கள். கியூபாவில் ஸ்பானியத் தளபதி வேலர் இதையே செய்தபோது அவரைக் கசாப்புக்காரர் என்று திட்டியவை இதே அமெரிக்கப் பத்திரிகைகள்.

சரி, 1917-க்கு என்ன சம்பந்தம் என்று நீலகண்டம் ஐயா கேட்பார். பிரான்சுக்குப் போன அமெரிக்கப் படையின் தலைவர் ஜான் பெர்ஷிங். அவர் அதற்கு முன் எங்கே இருந்தார்? கியூபா, பிலிப்பைன்ஸ், அங்கே மோரோ மாகாண ஆளுநர், அப்புறம் மெக்சிகோ. அந்தத் தலைமுறை அதிகாரிகள் போர் பழகிய பள்ளிக்கூடம் அதுதான்.

சின்னப்பொண்ணு:

மணிலாக்கொட்டை அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. ஒரு கேள்வி. ஹவாய் எப்படி இந்தப் பட்டியலில் வந்தது? அது ஸ்பெயினுடையது இல்லையே?

மணிலாக்கொட்டை:

இல்லைம்மா, ஹவாய் தனி ராஜ்யம். கரும்பு முதலாளிகள் கதை. 1875-ல் வரியில்லாமல் அமெரிக்காவுக்குச் சர்க்கரை விற்க ஒப்பந்தம். 1887-ல் அதைப் புதுப்பித்தபோது பேர்ல் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படைக்குத் தனி உரிமை. 1890-ல் அமெரிக்கா எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரியை எடுத்துவிட, ஹவாயின் சலுகை போயிற்று. நாட்டையே இணைத்துவிட்டால் நல்லது என்று தோட்ட முதலாளிகளுக்குத் தோன்றியது. 1893 ஜனவரியில் ராணி லிலியுவோகலானியை இறக்கினார்கள். பாஸ்டன் போர்க்கப்பலின் வீரர்கள் அரண்மனைக்குப் பக்கத்தில் அணிவகுத்து நின்றார்கள்.

அந்த மார்ச்சில் பதவிக்கு வந்த ஜனாதிபதி கிளீவ்லண்ட் விசாரணை வைத்து, இது தவறு என்று சொல்லி இணைக்க மறுத்துவிட்டார். 1897-ல் இணைப்பு வேண்டாம் என்று 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அந்த இணைப்பு ஒப்பந்தம் செனட்டில் தேறவில்லை. 1898-ல் மணிலாவுக்குப் படை அனுப்ப நடுவழியில் நிலக்கரி நிரப்ப இடம் வேண்டும் என்றதும் சாதாரணத் தீர்மானம் ஒன்றைப் போட்டு ஜூலையில் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டது 1993-ல்.

கலங்கரை:

நிலக்கரி என்று சொன்னீர்களே, அதுதான் சாவி. நீராவிப் போர்க்கப்பலுக்குச் சில ஆயிரம் மைலுக்கு ஒரு நிலக்கரி நிலையம் வேண்டும். கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மாஹன் 1890-ல் எழுதிய கடல் வல்லமை பற்றிய நூல் வாஷிங்டனில் மட்டுமல்ல, பெர்லினிலும் டோக்கியோவிலும் வேதமாகப் படிக்கப்பட்டது. கைசர் அதை மனப்பாடம் செய்யப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டார். ஒரே புத்தகத்தைப் படித்த மூன்று நாடுகள் ஒரே தீவுகளைப் பார்த்தன.

இங்கேதான் ஜெர்மனி நுழைகிறது. 1898-ல் டியூவி மணிலா விரிகுடாவில் நிற்கும்போது ஜெர்மன் கப்பல்கள் வந்து சுற்றிச் சுற்றி வந்தன, இரண்டு தளபதிகளுக்கும் முறைப்பு. மறுவருடமே ஸ்பெயினிடம் மிச்சமிருந்த கரோலின், மரியானா தீவுகளை (குவாம் நீங்கலாக) ஜெர்மனி விலைக்கு வாங்கிவிட்டது. 1902-03-ல் வெனிசுலா கடனைக் கட்டவில்லை என்று ஜெர்மனியும் பிரிட்டனும் இத்தாலியும் துறைமுகங்களை முற்றுகையிட்டன. அதற்குப் பதிலாகத்தான் 1904-ல் தியோடர் ரூஸ்வெல்ட், இந்தப் பக்கத்து நாடுகள் கடன்பட்டால் போலீஸ் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார். அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கும் திட்டங்களை ஜெர்மன் கடற்படை காகிதத்தில் வரைந்து பார்த்ததும் உண்மை. 1906 வாக்கில் கைவிட்டார்கள்.

ஆக, வாஷிங்டன் கடற்படை வட்டாரத்துக்கு 1914-ல் ஜெர்மனி புதிய எதிரி அல்ல.

தூத்துக்குடிக்காரன்:

கலங்கரை சொன்னதோடு சேர்த்து யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கரீபியனில் டென்மார்க்குக்குச் சொந்தமாக மூன்று தீவுகள் இருந்தன: செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய். இன்றைய அமெரிக்க வர்ஜின் தீவுகள். 1914-ல் பனாமா கால்வாய் திறந்தபின் அவை கால்வாய்க்கு வரும் வழியைப் பார்த்தபடி நின்றன. ஜெர்மனி டென்மார்க்கை விழுங்கினால் தீவுகளும் கூடவே போகுமே என்று அமெரிக்காவுக்குக் கவலை. வெளியுறவுச் செயலாளர் லான்சிங் டென்மார்க் தூதரிடம், விற்காவிட்டால் நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டி வரலாம் என்பதைச் சூசகமாகத் தெரியப்படுத்தினார். 1916 ஆகஸ்டில் ஒப்பந்தம், விலை 2.5 கோடி டாலர் தங்கமாக. கொடி மாறியது 1917 மார்ச் 31. போர் அறிவிப்பு ஏப்ரல் 6. ஒரு வாரம்கூட இல்லை.

இன்னொரு சுவையான செய்தி. அந்த விற்பனையின் பகுதியாக, கிரீன்லாந்து முழுவதிலும் டென்மார்க் தன் அதிகாரத்தை விரிக்க ஆட்சேபம் இல்லை என்று லான்சிங் எழுதிக்கொடுத்தார். சமீப வருடங்களில் செய்தி பார்ப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நீலகண்டம்:

தூத்துக்குடிக்காரரே, இது வலுவான செய்தி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது எதைக் காட்டுகிறது? கரீபியனைக் காப்பதில் அமெரிக்கா வெறியாக இருந்தது என்று காட்டுகிறது. கரீபியனைக் காக்க பிரான்சுக்கு இருபது லட்சம் பேரை அனுப்பத் தேவையில்லை. தீவை வாங்கினால் போதும், வாங்கியும் விட்டார்கள்.

கலங்கரை:

இங்கே மெக்சிகோ வருகிறது ஐயா. சிம்மர்மன் தந்தியை எல்லோரும் ஒற்றர் கதையாகவே படிக்கிறோம். 1917 ஜனவரி 16-ல் ஜெர்மன் வெளியுறவுச் செயலாளர் அனுப்பியது. அமெரிக்காவோடு போர் வந்தால் மெக்சிகோ நம்மோடு சேரட்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா திரும்பக் கிடைக்கும், ஜப்பானையும் இழுத்துப் பாருங்கள் என்று சாரம். அமைதிப் பேச்சுக்கு உதவும் என்று வில்சன் ஜெர்மானியர்களுக்குத் திறந்துவிட்டிருந்த அமெரிக்கத் தூதரகத் தந்தி வழியாகவே அது போனது! பிரிட்டிஷ் கடற்படையின் 40-ஆம் அறை அதை நடுவில் பிடித்துப் படித்தது. மார்ச் 1-ல் பத்திரிகைகளில் வந்தது. பொய் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தபோது மார்ச் 3-ல் சிம்மர்மனே, ஆமாம் நான் அனுப்பியதுதான் என்றார்.

ஆனால் பெர்லினுக்கு இந்த யோசனை ஏன் வந்தது? மெக்சிகோவுக்கு அமெரிக்கா மேல் கோபம் இருந்ததால்தானே. 1848-ல் பாதி நாட்டை இழந்தது பழைய கணக்கு. புதிய கணக்கு வில்சனுடையது. 1914 ஏப்ரலில் வெராக்ரூஸ் துறைமுகத்தைப் பிடித்து ஏழு மாதம் வைத்திருந்தார். 1916 மார்ச்சில் மெக்சிகோப் புரட்சித் தளபதி பான்சோ வியா எல்லை தாண்டி அமெரிக்காவின் கொலம்பஸ் என்ற சிற்றூரைத் தாக்கினார். அவரைப் பிடிக்க பெர்ஷிங் தலைமையில் படை மெக்சிகோவுக்குள் போனது. வியா சிக்கவில்லை, மெக்சிகோ அரசுப் படையோடுதான் மோதல் வந்தது. கடைசி வீரர்கள் திரும்பியது 1917 பிப்ரவரி 5. தந்தி பறந்த நாட்களில் அமெரிக்கப் படை மெக்சிகோ மண்ணில்தான் நின்றது.

மெக்சிகோவின் காரன்சா அரசு ஜெர்மன் அழைப்பை ஏற்கவில்லை, புத்திசாலிகள். ஆனால் தென்மேற்கு மாநிலங்களில் அதுவரை ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்றிருந்தவர்களுக்கு அது உறைத்தது. நீர்மூழ்கி என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. தெற்கே இறங்கிச் செய்த வேலைகள்தான் ஜெர்மனிக்கு அந்தத் தப்புக் கணக்கைப் போடவைத்தன என்கிறேன்.

நெறியாளர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இன்றைய போர்களுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே 1898-1919.

சின்னப்பொண்ணு:

போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917-ல் குடியுரிமை கொடுத்ததே படையில் சேர்க்கத்தான் என்று பல இடங்களில் படித்தேன். தேதியும் பொருந்துகிறது, மார்ச் 2 குடியுரிமை, மே 18 கட்டாய ராணுவச் சட்டம். உண்மையா?

மணிலாக்கொட்டை:

தேதி பொருந்துகிறது, காரணம் பொருந்தவில்லை. அந்த மசோதா போருக்கு முன்பிருந்தே காங்கிரஸில் இழுபட்டுக்கொண்டிருந்தது. குடியுரிமை இல்லாமலும் அவர்களைப் படையில் சேர்த்திருக்க முடியும், சட்டத்தில் தடையில்லை. தீவை நிரந்தரமாகக் கட்டிப்போடுவதுதான் நோக்கம். சுதந்திரம் கேட்ட குரல்கள் அங்கே வலுத்துக்கொண்டிருந்தன. பிறகு சுமார் 18,000 பேர் படையில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பனாமா கால்வாயைக் காக்கப் போனார்கள்.

இந்தக் குடியுரிமையும் முழுசு இல்லை. 1901-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் போர்ட்டோ ரிக்கோவை "உள்நாட்டு அர்த்தத்தில் அந்நியமானது" என்றது. அமெரிக்காவுக்குச் சொந்தம், அமெரிக்காவின் பகுதி அல்ல. இன்றுவரை அந்தத் தீவில் குடியிருப்பவர்களுக்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டில்லை.

வரைபடப்பித்தன்:

நீலகண்டம் ஐயாவின் கேள்வி முதலிலிருந்து அப்படியே நிற்கிறது: ஏன் 1914-ல் இறங்கவில்லை? என் பதில், 1898 பாதை அமெரிக்காவைப் பொறுத்தவரை மலிவான பாதை. ஸ்பெயின் வயதான சாம்ராஜ்யம், ஹைத்தி சின்ன நாடு. 1917 ஏப்ரலில் அமெரிக்க நிரந்தரத் தரைப்படை ஒன்றேகால் லட்சத்துச் சொச்சம்தான். அப்படிப்பட்ட படையோடு 1914-ல் பெல்ஜியத்துக்குப் போக யாருக்கும் ஆசை வராது. போன பிறகு சட்டம் போட்டு 28 லட்சம் பேரை இழுத்தார்கள், 20 லட்சம் பேரைக் கடல் கடத்தினார்கள். 1,16,000-க்கும் மேல் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் நோயில், பெரும்பாலும் 1918 காய்ச்சலில். இந்த விலை 1898-ல் யாரும் கணக்கில் வைக்காதது.

ஆனால் "வந்த பிறகு எப்படி நடந்துகொண்டார்கள்" என்பதில் பழைய பழக்கம் அப்படியே தெரிகிறது. நேச நாடுகளில் ஒன்றாகச் சேரவில்லை, "இணைந்த வல்லரசு" என்று தனித்து நின்றார்கள். படையைப் பிரித்துப் பிரிட்டிஷ், பிரெஞ்சு அணிகளில் கரைக்கப் பெர்ஷிங் ஒப்பவில்லை. கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுகள் சிலவற்றை மட்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் தூக்கிக் கொடுத்தார்கள். நியூயார்க்கின் 369-ஆவது படைப்பிரிவு அப்படிப் போனதுதான். நம் போர், நம் நிபந்தனை, நம் அட்டவணை. இது கரீபியனில் பழகிய நடை.

நீலகண்டம்:

இப்போது பேச்சு ஓரளவு சேர்கிறது. காரணம் என்றால் மறுப்பேன், நடை என்றால் ஏற்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். "அமெரிக்கா" என்று ஒரே ஆளாகப் பேசுகிறோம். செனட்டில் 6 பேரும் கீழவையில் 50 பேரும் போருக்கு எதிராக ஓட்டளித்தார்கள். அந்த ஐம்பதில் ஒருவர் ஜெனெட் ரான்கின், காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண், வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918-ல் ஒஹாயோவில் ஒரு கூட்டத்தில் பேசியதற்குப் பத்து வருடச் சிறை. 1898-க்குப் பிறகும் அப்படித்தான்: மார்க் ட்வெய்ன், ஆண்ட்ரூ கார்னகி, தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் எல்லோரும் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தில் இருந்தார்கள். இதில் கார்னகி இரும்பு முதலாளி என்பதை அரிசிமண்டி அண்ணாச்சி கவனிக்க வேண்டும்.

அரிசிமண்டி:

கவனித்தேன். முதலாளிகளிலும் நல்லவர் உண்டு என்று வைத்துக்கொள்வோம். தன் ஆலை வேலைநிறுத்தத்தை எப்படி முடித்தார் என்று கேட்டால் இழை திசைமாறும், நெறியாளர் வருவார்.

தூத்துக்குடிக்காரன்:

நம் ஊருக்கும் இதில் ஒரு இடம் உண்டு. "உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக வேண்டும்" என்று வில்சன் ஏப்ரல் 2-ல் பேசினார் அல்லவா? அதைச் சென்னையில் ஒருவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்பார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த முதல் இந்தியர், ஹோம் ரூல் லீகின் கௌரவத் தலைவர். 1917 ஜூனில் அரசு அன்னி பெசன்ட்டை ஊட்டியில் காவலில் வைத்தது. அந்த மாதமே, 24-ஆம் தேதி, எழுபதைத் தாண்டிய இந்த மனிதர் நேராக வில்சனுக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி கொடுங்கள், இந்தியர்கள் லட்சக்கணக்கில் உங்கள் போரில் நிற்பார்கள் என்று. தணிக்கைக்குத் தப்ப அமெரிக்கத் தம்பதி ஒருவர் மூலம் அது கடல் தாண்டியது.

பிரிட்டனில் விஷயம் வெடித்தது. இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். வில்சன் செய்தது? ஒன்றுமில்லை. கூட்டாளியின் சாம்ராஜ்யத்தில் கைவைக்க அவர் வரவில்லை.

அதே 1917 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கதர் கட்சிக்காரர்கள் (அமெரிக்காவில் இருந்த இந்தியப் புரட்சியாளர்கள்) மீது வழக்கு. ஜெர்மன் பணத்தில் ஆனி லார்சன் என்ற பாய்க்கப்பலில் இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்பப் பார்த்தார்கள். அனுப்பியது 1915-ல். குற்றச்சாட்டு அமெரிக்காவின் நடுநிலையை மீறியது. வழக்குத் தொடுத்தபோது அமெரிக்கா நடுநிலையில் இல்லை! 1918 ஏப்ரலில் வழக்கின் கடைசிக் கட்டத்தில் நீதிமன்றத்துக்குள்ளேயே கதர் தலைவர் ராம் சந்திராவை உடன் குற்றவாளி ஒருவர் சுட்டுக்கொன்றார், சுட்டவரைக் காவலர் சுட்டார். பெர்லினில் இந்தக் குழுவின் மறுமுனையில் இருந்தவர்களில் நம் திருவனந்தபுரத்துச் செண்பகராமன் பிள்ளையும் ஒருவர்.

சின்னப்பொண்ணு:

மணி ஐயர் கடிதம் பற்றி முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன். 1918 ஜனவரியில் வில்சன் அறிவித்த சமாதானத் திட்டத்தின் பதினான்கு அம்சங்களில் குடியேற்ற நாடுகள் பற்றி ஒன்று இருக்கிறதே, அதில் இந்தியாவுக்கு ஏதாவது உண்டா?

வரைபடப்பித்தன்:

ஐந்தாவது அம்சம். ஆளப்படும் மக்களின் நலனும் ஆளும் அரசின் உரிமைக் கோரிக்கையும் சம எடையில் பார்க்கப்பட வேண்டும் என்கிறது. சம எடை என்றவுடனே தெரிந்துவிடும் யார் தட்டு தாழும் என்று. போர் முடிந்து 1919-ல் நடந்த பாரிஸ் அமைதி மாநாட்டில் இன சமத்துவ வாசகம் வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. பதினேழு பேரில் பதினொரு பேர் ஆதரவு. தலைவர் இருக்கையில் வில்சன்; ஏகமனதாக இல்லை என்று தள்ளிவிட்டார்.

தீவுகள் என்ன ஆயின தெரியுமா? கலங்கரை சொன்ன அந்த ஜெர்மன் கரோலின், மரியானா தீவுகளை 1914-லேயே ஜப்பான் பிடித்திருந்தது. மாநாட்டுக்குப் பிறகு பொறுப்பாட்சி என்ற பெயரில் அவை ஜப்பானிடமே தங்கின. மணிலாவுக்கும் ஹவாய்க்கும் நடுவில் குறுக்கே ஒரு வேலி. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து குவாமை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டதற்கு 1944-ல் மரியானா தீவுகளில் ஒன்றான சைப்பானில் ஜப்பானோடு போரிட்டு விலை கொடுத்தார்கள்.

கலங்கரை:

சைப்பானுக்குப் போனால் நெறியாளர் கத்தரிக்கோலோடு வருவார், எல்லை 1919.

1934-ல் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் அமைந்த ஒரு குழு, அரிசிமண்டி அண்ணாச்சி கேட்ட அதே கேள்வியை மார்கன் குடும்பத்தாரையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது. அதன் விளைவாக வந்த நடுநிலைச் சட்டங்கள் அடுத்த போரில் என்ன பாடுபடுத்தின என்பதற்குத் தனி இழை வேண்டும். அண்ணாச்சி, நீங்களே ஆரம்பியுங்கள், கணக்குப் புத்தகத்தோடு.

அரிசிமண்டி:

ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. அன்றைக்குப் போடுகிறேன். நீலகண்டம் ஐயா முதல் ஆளாக வந்து மறுக்க வேண்டும்.